நடுப்பூ இன்னும் தைக்கவில்லை

லெஸ்கோவட்ஸ்
1971 அக்டோபர் 3, ஞாயிறு

யோவ் ப்ளாகோ,

நலம், நலமறிய ஆவல்னு நீயே மனசுல போட்டுக்க. எனக்கு அதுக்கெல்லாம் இப்ப பொறுமை இல்ல. குடமிளகாய் சுட்டு, தோலுரிச்சு, வதக்கி, ஜாடியில அடைச்சுக் கை பூரா எரியுது. அந்தக் கையோடயே கண்ணைத் துடைச்சிட்டேன், இப்ப அதுவும் எரியுது. நீ பக்கத்துல இருந்தா "அழறியா, எரியுதா"ன்னு கேட்டிருப்ப. ரெண்டும்தான்.

கோடைக்கு வர்றேன்னு எழுதின. வரல. ஓவர்டைம்னு எழுதின. சரின்னு வாயை மூடிக்கிட்டேன். இங்க நம்ம வீட்டுக்குன்னு அடுக்கி வச்ச செங்கல்லுக்குள்ள உங்கண்ணன் மிலுதினோட கோழி முட்டை போடுது. நீ ஜெர்மனிக்குப் போனது கோழிக்கு வீடு கட்டத்தானான்னு உங்கண்ணி ஸ்லவ்கா கேக்குறா. அவ கேட்டா எனக்குக் கோவம் வருது. ஆனா அதையேதான் நானும் கேக்குறேன்.

நேத்து குளிர் இறங்கிடுச்சு. பெட்டியத் திறந்து அந்தச் சிவப்பு மெத்தைப்போர்வைய வெளிய எடுத்தேன். நீ பாதியில விட்ட அதே இடத்துல ஊசி தொங்குது, துரு ஏறிப் போச்சு. சுத்தி ஓரமெல்லாம் அலை அலையா தைச்சிருக்க. ஒரு பக்கம் இலை வந்திருக்கு. நடுவுல அந்தப் பெரிய பூ இருக்க வேண்டிய இடம் வெறும் சுண்ணக்கட்டிக் கோடு. அதுவும் பாதி அழிஞ்சிடுச்சு.

ஊர்ல கல்யாணமான பொண்ணுங்க எல்லாம் நீ தைச்ச போர்வைக்குள்ள தூங்குறாளுங்க. மெத்தைக்காரன் பெண்டாட்டி மட்டும் பட்டாளத்துக் கம்பளியில கிடக்கா. எங்கப்பா அன்னைக்கே சொன்னாரு, "மாப்பிள்ளையே மெத்தைக்காரரு, நாம எதுக்கு வெளிய தைக்கக் குடுக்கணும்"னு. உள்ள திணிக்க ஆட்டுக் கம்பளி மட்டும் மூட்டை கட்டிக் குடுத்தாரு. என் சீர் வண்டியில மேல விரிக்கப் போர்வை இல்லாம தெருவே வாயப் பொத்திச் சிரிச்சுது. நீ என் காதுல சொன்ன, "பொறுத்துக்க புள்ள, இந்த ஊர் பாக்காத ஒண்ணு உனக்குத் தைக்கிறேன்"னு. பொறுத்தேன். இன்னும் பொறுத்துக்கிட்டே இருக்கேன்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். என் தங்கச்சி தேசாவுக்குக் கல்யாணம் முடிவாயிடுச்சு, ஜனவரி கடைசியில. மாப்பிள்ளையோட அம்மா கேட்ட முதல் கேள்வியே, "அக்கா வீட்டுக்காரர் மெத்தைக்காரராமே, அப்ப போர்வைக்குக் கவலையில்ல"ங்கிறதுதான். எங்கம்மா என்னைப் பாத்தா. நான் கூரையப் பாத்தேன்.

நம்ம குடும்பத்துக் காவல் புனிதர் நிக்கோலாஸ் திருநாள் டிசம்பர் 19ல வருதில்ல, அதுக்குள்ள நீ வா. வந்து முடிச்சா அது நம்ம கட்டிலுக்கு. வரலைன்னா நானே உக்காந்து எப்படியோ முடிச்சு தேசா வண்டியில ஏத்தி அனுப்பிடுவேன். இது மிரட்டல் இல்ல.

இல்ல, மிரட்டல்தான்.

விதா


ஷ்டுட்கார்ட்
1971 அக்டோபர் 14

விதா கண்ணு,

உன் கடுதாசி வந்தப்ப ராஜ்கோ உருளைக்கிழங்கு வறுத்துக்கிட்டிருந்தான். நம்ம ஊர்க்காரன், ஒரே அறை, அதனால மறைக்க முடியாது. முதல் பக்கத்தைப் படிச்சுக் காட்டினேன். "உங்க வீட்டம்மா சத்தம் இங்க வரைக்கும் கேக்குதே"ன்னான். ஆமாடா, அதுக்காகத்தான் படிக்கிறேன்னேன்.

போர்வையத் தொடாத. கெஞ்சிக் கேக்குறேன். நீ பொத்தான் தைச்சாலே சட்டையோட சேத்து மேஜைத் துணியையும் தைச்சிடுவ.

ஏன் முடிக்கலன்னு நீ நேரா கேக்கல, ஆனா ஒவ்வொரு வரியிலயும் கேட்டிருக்க. ஊருக்குத் தைக்கும்போது நாள் சொல்லித் தைப்பேன், கை தானா ஓடும். உனக்குன்னு உக்காந்தா மட்டும் கை நிதானமாயிடும். ஒரு இலை கொஞ்சம் கோணினாலும் பிரிச்சிடுவேன். அடுத்தவன் பொண்ணுக்கு அந்தக் கோணல் போதும், உனக்குப் போதாது. அப்படிப் பிரிச்சுப் பிரிச்சே வருஷம் ஓடிடுச்சு. சோம்பேறித்தனம்னு நினைச்சியா?

அந்த நடுப்பூவைத் தனியாத் தைக்கவும் முடியாது. நடுவுல கம்பளி குன்று மாதிரி எழும்பி நிக்கும். ஊசிக்கு முன்னாடி யாராவது உள்ளங்கைய வச்சு அழுத்தமா அமுக்கினாத்தான் நூல் அடித்துணி வரைக்கும் இறங்கும். கல்யாணமான புதுசுல கடையில நீதான் எனக்கு அமுக்குவ. ஞாபகம் இருக்கா? பேக்கரிக்காரர் மகளுக்குத் தைச்சப்ப உன் கையைப் பாத்துக்கிட்டே ஊசிய உன் உள்ளங்கையில இறக்கிட்டேன். அதே கையால என் கன்னத்துல ஒண்ணு விட்ட. அந்தப் போர்வையில ஒரு சொட்டு ரத்தம் இருக்கு, அந்தப் பொண்ணுக்கு இன்னும் தெரியாது. மெஷின் சத்தத்துல நிக்கும்போது நான் நினைச்சுக்கிறது அந்த அறையைத்தான்.

தேசாவுக்கு வேற ஒண்ணு தைச்சுக் குடுப்போம். நல்ல நீலத்துல சாட்டின் இங்கயே வாங்கிட்டேன். இந்தக் கை இருக்கும்போது உனக்கு என்ன கவலை? நிக்கோலாஸ் திருநாளுக்கு வர்றேன், மேஸ்திரிகிட்டச் சொல்லியாச்சு. வந்த மறுநாளே உக்காந்துடுவோம். நீ அமுக்கு, நான் தைக்கிறேன்.

அதுவரைக்கும் பெட்டிய மூடி வை.

உன் ப்ளாகோ


லெஸ்கோவட்ஸ்
1971 அக்டோபர் 25, திங்கள்

ப்ளாகோ,

பெட்டிய மூடி வைன்னு நீ எழுதின கடுதாசி வர்றதுக்குள்ள நான் ஆரம்பிச்சிட்டேன். சரி, அது பொய். கடுதாசி வந்தப்புறம்தான் ஆரம்பிச்சேன். நீ அப்படியெல்லாம் எழுதினா நான் எப்படிச் சும்மா உக்காந்திருப்பேன்? அதை மார்ல வச்சுக்கிட்டுத் தூங்குறதா?

நடுப்பூவுலயே ஆரம்பிச்சேன். பூ வந்துட்டா மிச்சமெல்லாம் சில்லறை வேலைன்னு நினைச்சேன். ஒரு இதழ், ரெண்டு இதழ், நல்லாத்தான் வந்துது. மூணாவதுல பாத்தா கம்பளி எல்லாம் ஒதுங்கி ஓடி, உன் ஓரத்தையலுக்கும் என் பூவுக்கும் நடுவுல மாட்டிக்கிட்டு, பெரிய வயிறு மாதிரி வீங்கி நிக்குது. தட்டினேன், குச்சியால அடிச்சேன், மேல ஏறி உக்காந்தும் பாத்தேன். நான் எழுந்ததும் அதுவும் எழுந்துடுது.

ஸ்லவ்கா எட்டிப் பாத்துட்டு, "இந்த அறையில இதாவது கர்ப்பமாச்சே"ன்னு சொல்லிட்டுப் போனா. அவ விளையாட்டாத்தான் சொன்னா. எனக்குத்தான் உள்ள போய் உறைச்சிடுச்சு. பக்கத்து வீட்டு ஸோர்கா கேக்குறா, டாக்டரைப் பாத்தீங்களான்னு. டாக்டர் என்ன செய்வாரு? கடுதாசி எழுதி எந்தப் பொண்ணுக்காவது புள்ளை பொறந்திருக்கா?

திட்டிக்க. ஆனா எப்படிச் சரி பண்றதுன்னும் எழுது. அதைவிட, வந்து திட்டு. நிக்கோலாஸ் திருநாளுக்கு ரொட்டிக்கு மேல போட மாவுப் பூ செய்யறது எப்படின்னு இப்பவே பழகிக்கிட்டிருக்கேன். இந்த வருஷம் மெழுகுவத்திய உங்கண்ணன் ஏத்தக் கூடாது, நீ ஏத்தணும்.

நீ அனுப்பின போட்டோவுல உன் பின்னாடி நிக்கிற கார் யாரோடது? உன்னோடதுன்னு ஊர்ல சொல்லி வச்சிருக்கேன்.

விதா


ஷ்டுட்கார்ட்
1971 நவம்பர் 28

விதா,

கொஞ்ச நாளா எழுத முடியல. வேலை. இதை ராஜ்கோ கையில குடுத்து அனுப்புறேன், அவனுக்கு லீவு கிடைச்சிருக்கு.

போர்வைக்கு. நடுவுல தைச்ச எல்லாத்தையும் பிரி. நான் ஓரத்துல ஆரம்பிச்சிருக்கேன், நீயும் ஓரத்துல இருந்து உள்ளதான் போகணும். சுத்திச் சுத்திப் போ. கம்பளி தானா நடுவுக்கு நகரும், பூவுக்கு அதுதான் வேணும். நூலை மெழுகுல இழு. ஊசிய இழுக்காத, தள்ளு. இலை வளையுற இடத்துல தையல் சின்னதா இருக்கணும். அவசரப்படாம கத்துக்க. நல்லாக் கத்துக்க.

தேசாவுக்குக் கடையில ஒண்ணு வாங்கிக் குடு. என்னால ஆகாது.

திருநாளுக்கு வர முடியாது. லீவு இல்ல.

ப்ளாகோயே


லெஸ்கோவட்ஸ்
1971 டிசம்பர் 7, செவ்வாய்

ப்ளாகோயே அவர்களுக்கு,

இப்படித்தானே கையெழுத்துப் போட்டிருக்க, முழுப்பேரா, முனிசிபாலிட்டிக்குப் போடுற மாதிரி. அப்ப நானும் அப்படியே எழுதுறேன்.

உங்க நண்பர் ராஜ்கோ வந்தார். காப்பிப் பொட்டலமும் தலைக்குக் கட்டுற துணியும் குடுத்தார். என் முகத்தைப் பாக்கவே இல்ல. கொதிக்கிற காப்பிய ஒரே மடக்குல குடிச்சு நாக்கைச் சுட்டுக்கிட்டு, தொப்பிய மறந்துட்டு ஓடிட்டார். எங்க வீட்டுக்காரர் எப்படியிருக்காருன்னு கேட்டேன். "இருக்காரு"ன்னார். இருக்காரு! செத்தவங்களைப் பத்திக் கேட்டாக்கூட ரெண்டு வார்த்தை கூடச் சொல்லுவாங்க.

அப்புறம் உன் எழுத்து. கோழி சீய்ச்சு விட்ட மாதிரி இருக்கு. குடிச்சிட்டு எழுதினியா? இல்ல காகிதம் வைக்க இடமில்லாம மடியில எவளாவது உக்காந்திருந்தாளா? ஜெர்மன்காரியா, இல்ல நம்மாளுங்கள்லயே ஒருத்தியா? இருந்தா சொல்லிடு. நான் கிணத்துல எல்லாம் விழ மாட்டேன். ஸோர்காவோட தம்பி பெண்டாட்டி விழுந்தா, முட்டி வரைக்கும்தான் தண்ணி இருந்துச்சு, ஊரே சிரிச்சுது.

போன கடுதாசியில "நீ அமுக்கு, நான் தைக்கிறேன்"ன. இந்தக் கடுதாசியில "என்னால ஆகாது". நடுவுல என்னய்யா நடந்துச்சு? எந்தப் பொண்ணு உன் கையைப் பிடிச்சு வச்சிருக்கா?

பிரிக்கச் சொன்ன, பிரிச்சிட்டேன். ஓரத்துல இருந்து போன்ன, போறேன். தையல் நல்லாவே வருது, தெரிஞ்சுக்க. முடிச்சுடுவேன். முடிச்சு தேசா வண்டியில ஏத்திடுவேன். அந்தச் சிவப்பு இந்த அறையில இருக்கிற வரைக்கும் நான் வாசலைத்தான் பாத்துக்கிட்டிருப்பேன், அது எனக்கு வேண்டாம். அது போயிட்டா நமக்குள்ள முடிக்க வேண்டியதுன்னு எதுவும் இருக்காது.

விதோசாவா


ஷ்டுட்கார்ட்
1971 டிசம்பர் 19, நிக்கோலாஸ் திருநாள்

விதா,

எவளும் இல்ல. மடியில காகிதம்தான் இருந்துச்சு. இடது கையால எழுதினா அப்படித்தான் வருது.

இன்னைக்கு வீட்டுல மெழுகுவத்தி ஏத்தியிருப்பீங்க. நானும் இங்க ஜன்னல்ல ஒண்ணு ஏத்தினேன். இந்த நாள்ல பொய் எழுதக் கூடாதுன்னு உக்காந்திருக்கேன். எழுதவும் நேரம் ஆகுது, ஒரு வரிக்கு ஒரு சிகரெட் போகுது.

"இந்தக் கை இருக்கும்போது"ன்னு உனக்கு எழுதித் தபால்ல போட்டேன் பாரு, அதுக்கு அடுத்த வாரம் தகடு அழுத்துற மெஷின் என் வலது கையைப் பிடிச்சுக்கிச்சு. யார் மேலயும் தப்பில்ல. நான் வேற ஏதோ நினைப்புல நின்னிருந்தேன். பெருவிரலும் பக்கத்துல ரெண்டும் போச்சு. மிச்ச ரெண்டு விரலும் உள்ளங்கையும் இருக்கு. ஊசிய அதுல பிடிக்க முடியாது. ஆஸ்பத்திரியில ஒரு நர்ஸம்மாகிட்ட ஊசி வாங்கிப் பாத்தேன், கீழ விழுந்துட்டே இருந்துச்சு. அவங்க மூணு தடவை எடுத்துக் குடுத்தாங்க. அப்புறம் அவங்களே அழுதுட்டாங்க, நான்தான் சமாதானம் சொன்னேன்.

போர்வை கர்ப்பமா இருக்குன்னு நீ எழுதினதைக் கட்டில்ல கிடந்தபடி ராஜ்கோ படிக்கக் கேட்டேன். சிரிச்சேன். சிரிச்சா கை வலிச்சுது. அவன்மேல கோவப்படாத. உன்கிட்டச் சொல்லக் கூடாதுன்னு அவன்கிட்டச் சத்தியம் வாங்கினேன். அவன் தொப்பிய அனுப்பி வை.

ஏன் சொல்லலன்னு கேப்ப. நீ கட்டிக்கிட்டது மெத்தைக்காரனை. அவன் இங்க இல்ல. யாரை அனுப்புறதுன்னு தெரியாம இருந்தேன்.

உன்னை நல்லாக் கத்துக்கன்னு ஏன் எழுதினேன்னு இப்பப் புரியும். அந்தச் சிவப்புல இருக்கிற ஓரமும் இலையும் இந்தக் கை கடைசியாத் தைச்சது. அது உன்கிட்ட இருக்கணும்னு ஆசையா இருக்கு, மறைக்கல. ஆனா தேசாவுக்குக் குடுக்கிறேன்னு வாக்குக் குடுத்திருந்தா குடுத்துடு. கேக்குற தகுதி எனக்கு இல்ல.

திருநாள் வாழ்த்து. ரொட்டி மேல மாவுப் பூ நல்லா வந்துச்சா?

ப்ளாகோ


லெஸ்கோவட்ஸ்
1971 டிசம்பர் 30

ப்ளாகோ,

மாவுப் பூ கருகிடுச்சு.

வேற எதுவும் எழுத வரல. விறகுக் கொட்டகையில போய் உக்காந்து அழுதேன். ஸ்லவ்கா வந்து பக்கத்துல உக்காந்து, தன் சால்வைய என் தோள்ல போட்டா. அவ என்னைச் சீண்டாம இருந்தது இதுதான் முதல் தடவை.

உன் கையையா நான் கட்டிக்கிட்டேன்? சொல்லு. ரெண்டு மாசம் வலியோட கிடந்திருக்க. நான் இங்க உன்னை எவளோடயோ படுக்க வச்சுத் திட்டிக்கிட்டிருந்திருக்கேன். இதுக்கு உன்னை நான் மன்னிக்கவே மாட்டேன். நேர்ல வா, மன்னிக்காம இருக்கிறதை உன் முகத்துக்கு முன்னாடி செய்யணும்.

வா.

விதா


ஷ்டுட்கார்ட்
1972 ஜனவரி 12

விதா,

உன் "வா" கிடைச்சுது. அதைச் சட்டைப் பையில வச்சுக்கிட்டுத்தான் திரியறேன்.

ஆனா யோசிச்சுப் பாரு. ஃபேக்டரியில கேட் பக்கத்துல உக்காந்து சாவி குடுக்கிற வேலை தர்றேங்கிறாங்க. அதுக்கு விரல் வேண்டாம். இங்க இருந்தா வீட்டுக்கு மாசாமாசம் ஏதாவது வரும், நம்ம செங்கல் சுவராகும். அங்க வந்து நான் என்ன செய்வேன்? அண்ணன் வீட்டு முத்தத்துல உக்காந்து கோழி விரட்டணும். கம்பளி மூட்டையோட வந்து நின்னவங்க எல்லாம் இப்ப என் கையைப் பாக்க வருவாங்க. பாத்துட்டு வேற பக்கம் பாப்பாங்க. அதைத்தான் என்னால தாங்க முடியாது. உன் பரிதாபத்தையும்.

உனக்கு என்கூட வாழ்க்கை வேணும்னு தெரியும். எனக்கும் வேணும். ராத்திரி திரும்பிப் படுக்கும்போது இடது கை பக்கத்துல தேடுது, அதுக்கு இன்னும் எதுவும் தெரியாது. ஆனா உனக்கு உபயோகமில்லாதவனா வந்து நிக்க மாட்டேன்.

போர்வைய முடி. தேசாவை நல்லபடியா அனுப்பு.

ப்ளாகோ


லெஸ்கோவட்ஸ்
1972 பிப்ரவரி 1, செவ்வாய்

யோவ் ப்ளாகோ,

கல்யாணம் முடிஞ்சுது. உக்காந்து படி, நீளமா எழுதப் போறேன்.

முதல்ல ஒண்ணு. ஊர் உன் கையைப் பாக்கும்னு பயப்படுறியே, ஊருக்கு நானே சொல்லிட்டேன். கல்யாணத்துக்கு முன்னாடியே, தெருக்குழாய்ல தண்ணி பிடிக்கிறப்ப, எல்லாரும் இருக்கும்போது சத்தமா. "எங்க வீட்டுக்காரருக்கு மெஷின்ல மூணு விரல் போச்சு. அழணும்னு தோணுறவங்க இப்பவே அழுதுடுங்க, அவர் வந்தப்புறம் ஒருத்தியும் மூக்கைச் சிந்தக் கூடாது"ன்னேன். ஸோர்கா அங்கேயே ஆரம்பிச்சிட்டா. ஒரு வாரம் பேசினாங்க. இப்ப வேற பேச்சுக்குப் போயிட்டாங்க. தபால்காரரு பல் கட்டிக்கிட்டாரு, அதைப் பேசுறாங்க. நீ வந்தா ஒருத்தரும் புதுசாப் பாக்க மாட்டாங்க, கவலைப்படாத.

இப்ப போர்வை. நீ சொன்னபடி ஓரத்துல இருந்து சுத்திச் சுத்தி உள்ள வந்தேன். இலையெல்லாம் முடிஞ்சுது. உன் இலை எது, என் இலை எதுன்னு எனக்குத் தெரியும், வேற யாருக்கும் தெரியாது. கல்யாணத்துக்கு முந்தின வாரம் நடுவுக்கு வந்துட்டேன். கம்பளி நீ சொன்ன மாதிரியே குன்றா நிக்குது. ஊசி இறங்கல.

ஸ்லவ்கா முட்டி போட்டு உக்காந்து, "தள்ளு, நான் அமுக்குறேன்"ன்னா. நல்ல மனசோடதான் வந்தா. வேண்டாம்னுட்டேன். அவ உள்ளங்கைய இந்தப் பூ மேல வைக்க விடுவேனா? எங்கம்மா வந்தா, அவளையும் வேண்டாம்னுட்டேன். கடைசியா தேசாவே வந்தா. உன் கடுதாசிய அவகிட்டப் படிச்சுக் காட்டியிருந்தேன், கோவிச்சுக்காத. பூ இல்லாத அந்த இடத்தைத் தடவிப் பாத்துட்டு, "அக்கா, இதுக்குள்ள என்னைப் படுக்கச் சொல்றியா? எனக்குத் தூக்கமே வராது. கடையில ஒண்ணு வாங்கிக் குடு, போதும்"ன்னா. சின்னக் கழுதை, எப்ப இவ்வளவு பெரியவளானான்னு தெரியல.

ஆனா கையில அடிபடுறதுக்கு முன்னாடியே மெத்தைக்காரர் தைச்ச போர்வை வருதுன்னு மாப்பிள்ளை வீட்டுக்குச் சொல்லியாச்சே! வண்டியில கடைச்சரக்கு போனா எங்கம்மா தெருவுல நடக்க முடியாது. அதனால இப்படிச் செஞ்சோம். நம்ம சிவப்புப் போர்வைய ஓரமும் இலையும் மட்டும் தெரியுற மாதிரி, பூ இல்லாத இடத்தை உள்ள வச்சு மடிச்சு, வண்டி உச்சியில ஏத்தினோம். நான் பக்கத்துலயே உக்காந்துக்கிட்டேன், எவளாவது பிரிச்சுப் பாத்தா கையை முறிக்கிறதுக்கு. டிரம் அடிக்குது, டிரம்பட் ஊதுது, தெருவே வாயைப் பிளந்து நிக்குது. என் கல்யாணத்துல சிரிச்ச அதே தெரு. ப்ளாகோ, என் சீர் வண்டி இவ்வளவு வருஷம் கழிச்சு அன்னைக்குத்தான் போச்சு. அழுகையும் சிரிப்புமா நான் உக்காந்திருந்ததைப் பாத்து, தங்கச்சியப் பிரியுற துக்கம்னு நினைச்சுக்கிட்டாங்க.

அந்த வீட்டுல இறக்கினதும் தேசா அதைச் சுருட்டிக் கொல்லை வழியாக் குடுத்துட்டா. கடைப்போர்வை கட்டிலுக்குப் போச்சு. மாமியார்காரி மறுநாள் தடவிப் பாத்து, "அடடா, எவ்வளவு சீராத் தைச்சிருக்காரு, மெஷின் தோத்துச்சு"ன்னு சொன்னாளாம். தேசா சிரிப்பை அடக்க அடுப்பங்கரைக்கு ஓடியிருக்கா.

வண்டியப் பாத்துட்டு மில்காரர் பெண்டாட்டி வந்துட்டா, அந்தக் கஞ்சப் பிசினாறி. மகளுக்கு ஒண்ணு வேணுமாம், மெத்தைக்காரர் எப்ப வருவாரு, அந்தக் கையோட தைப்பாரான்னு கேட்டா. "அவர் கோடு போட்டுச் சொல்லுவாரு, நான் தைப்பேன், பிடிச்சா கம்பளி கொண்டா, பிடிக்கலைன்னா மெஷின்கிட்டப் போ"ன்னேன். முணுமுணுத்துக்கிட்டே போனா. நேத்து மூட்டையோட வந்து நிக்கிறா.

இப்ப உன் கடைசிக் கடுதாசிக்கு வர்றேன். உபயோகமில்லாதவனா வர மாட்டேன்னு எழுதியிருக்க. உபயோகம்! நீ என்ன மண்வெட்டியா? சரி, உனக்கு உபயோகம்தான் வேணும்னா கேட்டுக்க.

போர்வை இப்ப கட்டில் மேல விரிச்சிருக்கு. எல்லாம் முடிஞ்சுது, நடுப்பூ மட்டும் இல்ல. புதுச் சுண்ணக்கட்டியில கோடு போட்டு வச்சிருக்கேன். ஊசியில நூல் கோத்து மெழுகு இழுத்து ஓரமாக் குத்தி வச்சிருக்கேன். தைக்க எனக்குத் தெரியும் இப்ப. எனக்கு வேணும்கிறது ஊசிக்கு முன்னாடி அழுத்தமா அமுக்கிப் பிடிக்க ஒரு உள்ளங்கை. அதுக்குப் பெருவிரல் வேண்டாம். வேற விரலும் வேண்டாம். உள்ளங்கை இருக்குன்னு நீயேதான் எழுதியிருக்க.

வேற யாரையும் அமுக்க விட மாட்டேன். நீ வரலைன்னா அது அப்படியே கிடக்கும். நான் பட்டாளத்துக் கம்பளியிலயே கிழவியாகிச் சாகிறேன்.

பேக்கரிக்காரர் மகள் போர்வையில என் ரத்தம் ஒரு சொட்டு இருக்குல்ல? அந்தக் கணக்கையும் தீக்கணும். நான் பாத்துத்தான் தைப்பேன், ஆனா சத்தியம் பண்ண மாட்டேன்.

விதா


ஷ்டுட்கார்ட்
1972 பிப்ரவரி 11

விதா,

உன் கடுதாசி வந்த அன்னைக்கே கதவைத் தாள் போட்டுட்டு, கைக்கட்டை அவுத்து வச்சிட்டு, தலையணையை மடியில போட்டு வலது உள்ளங்கையால அமுக்கிப் பாத்தேன். திரும்பத் திரும்பப் பாத்தேன். ராஜ்கோ கதவைத் தட்டி, "உள்ள என்னய்யா பண்ற"ன்னான். "வேலை பழகுறேன்"னேன்.

கேட் வேலை வேண்டாம்னு சொல்லிட்டேன். நீலச் சாட்டினை மில்காரர் பெண்டாட்டிக்கு எடுத்துட்டு வர்றேன். இந்த மாசம் 26, சனிக்கிழமை ரயில் ஏறுறேன், ஞாயிறு சாயங்காலம் வந்துடுவேன். ஸ்டேஷனுக்கு வராத, எல்லாருக்கும் முன்னாடி நீ அழுவ, நானும் அழுவேன். வீட்டுலயே இரு. ஊசி துருப்பிடிக்காம பாத்துக்க.

நல்லா அமுங்குது, விதா.

ப்ளாகோ